முள்ளும் செவியும்

மேகத்தினுள் நுழைந்துவிட்ட சிறு விமானத்தில் தனியே இருக்கும் விமானிக்குக் கண்ணாற் பயனில்லை. மலை எப்பக்கம், ஓடுபாதை எப்பக்கம் என்பதை அவன் வேறு வழியால் அறிந்தாக வேண்டும். அவ்வழியை முதலில் அவனுக்குக் காட்டியது செவியே.

1920களின் இறுதியில் அமெரிக்காவில் எழுந்த றேடியோ வழிகாட்டு நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிலையமும் தன்னைச் சூழ்ந்த வெளியை நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டினுள் மோர்ஸ் முறையில் 'ஏ' என்னும் எழுத்தையும், மற்றை இரண்டினுள் 'என்' என்னும் எழுத்தையும் பரப்பிற்று. முன்னது குறிலும் நெடிலும். பின்னது நெடிலும் குறிலும். எல்லைக்கோட்டில் ஒன்றன் இடைவெளியை மற்றது நிரப்ப, இடையறாத ஒரே தொனி காதில் விழும். அத்தொனியே பாதை.

'ஏ' கேட்கும் பாகங்கள் இரண்டாதலின், தான் எதனுள் இருக்கிறான் என்பதை எழுத்து மட்டும் சொல்லாது. ஒரு திசையிற் பறந்து, ஒலி வளர்கிறதா தேய்கிறதா என்று உற்றுக் கேட்க வேண்டும். ஒலியைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் அமைப்பு வீட்டில் இசை கேட்போருக்கு வசதி. இங்கோ அது உண்மையை மறைத்துவிடும். ஆகவே விமானி அதனை நிறுத்திவிட்டு, ஒலியளவைக் கையாலே திருத்தினான்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பரவிய வி.ஓ.ஆர். முறை இவ்விடரை நீக்கியது. 108 முதல் 118 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் இயங்கும் இந்நிலையம், வினாடிக்கு 30 முறை அதிரும் இரு குறிகளை அனுப்புகிறது. ஒன்றன் அவத்தை எத்திசையிலும் மாறாது; மற்றதன் அவத்தை திசைக்குத் திசை வேறுபடும். காந்த வடக்கில் இரண்டும் ஒத்து நிற்கும், கிழக்கில் 90 பாகை விலகும், தெற்கில் 180. விமானத்திலுள்ள வாங்கி அவ்விலகலை அளந்து, விமானம் நிலையத்திற்கு எத்திசையில் உள்ளதெனக் கூறிவிடும். அவத்தை என்னும் பாடத்தைத் தொடங்க இதனினும் நல்ல உதாரணத்தை யாம் கண்டதில்லை.

ஆயினும் முள் காட்டுவதையெல்லாம் நம்பலாகாது. திருத்த வேலை நடக்கும் நிலையமும் சில வேளை அலை பரப்பும், முள்ளும் அசையும், ஆனால் அந்நிலையத்தின் மோர்ஸ் அடையாளம் நீக்கப்பட்டிருக்கும். அதனைக் கேளாத விமானி, எவர் காட்டும் வழியென்று அறியாமலே மலையை நோக்கிப் போகக்கூடும். வாங்கியும் பிழைபடும். கருவிகளை நம்பிப் பறப்போர் 30 நாளுக்குள் அதனைச் சோதித்திருத்தல் வேண்டுமென்பது அமெரிக்க விதி. நிலத்திற் சோதிக்கையில் 4 பாகைப் பிழை பொறுக்கப்படும். சிறிதெனத் தோன்றும் அப்பிழை, 60 கடல் மைல் தொலைவில் 4 கடல் மைலாகிவிடும். மலைநாட்டில் அது அடுத்த பள்ளத்தாக்கு.

இன்று செய்மதிகளைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது; பழைய நிலையங்கள் பல மூடப்படுகின்றன. ஆனால் செய்மதியின் குறி மிக நொய்மையானது. அதனைக் குழப்புதல் எளிது. அது மறைந்தாலும் 100 கடல் மைலுக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையத்தக்கவாறு, அமெரிக்க அரசு ஒரு தொகுதி வி.ஓ.ஆர். நிலையங்களைப் பேணத் திட்டமிட்டது. சிக்கனம் பேசுவோர் என்ன சொன்னாலும் இது அறிவுடைய செயலென்றே யாம் கருதுகிறோம். இடமும் பாரமும் மிச்சமென்று வாங்கியைக் கழற்றிவிடும் சிறு விமானச் சொந்தக்காரருக்கோ அந்நிலையங்கள் இருந்தும் பயனில்லை.