வியோனே: பெயரை வாங்கலாம், பாரம்பரியத்தை?

பெண்களுக்கான விலை உயர்ந்த உடைகளை விற்கும் எந்த ஃபேஷன் ஹவுஸின் விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை தவறாமல் இருக்கும்: பாரம்பரியம். அது உண்மையில் எங்கே இருக்கிறது? கடைப் பலகையில் உள்ள பெயரிலா, அல்லது வேலை செய்யும் முறையிலா? பாரிஸின் வியோனே நிறுவனத்தின் கதை இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது.

மட்லென் வியோனே 1876இல் பிரான்சில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். லண்டனிலும் பாரிஸிலும் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு 1912இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததால் 1914இல் மூடிவிட்டு, போர் முடிந்தபின் மறுபடி திறந்தார்.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமையானது: உடைக்காக உடம்பை இறுக்கக் கூடாது, உடம்புக்கு ஏற்ப உடைதான் விழ வேண்டும். இடுப்பை நெரிக்கும் கார்செட் அவருக்குப் பிடிக்காது. அதற்கு மாற்றாக அவர் நம்பியது நம்ம ஊர் டெய்லர்கள் 'கிராஸ் கட்டிங்' என்று சொல்லும் முறையை. நெய்த துணியைப் பாவு நூல் வழியாகவோ ஊடை வழியாகவோ இழுத்தால் அவ்வளவாக நீளாது. மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், நன்றாகவே கொடுக்கும்! இரண்டு நூல்களும் சற்றே சாய்ந்து இடம் விடுவதுதான் காரணம். காலர், ஓரப் பட்டி என்று சின்னச் சின்ன இடங்களில் பயன்பட்ட இந்த உத்தியை வியோனே முழு உடைக்கும் கொண்டுவந்தார். பேப்பரில் வரைந்து பார்ப்பதைவிட, ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே வடிவமைத்தார். எலாஸ்டிக் இல்லாமலே உடம்போடு சேர்ந்து அசையும் உடை அப்படித்தான் கிடைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1920களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த அவருடைய நிறுவனத்தில் மருத்துவ வசதி, உணவுக்கூடம், குழந்தைகள் காப்பகம், சம்பளத்துடன் விடுமுறை எல்லாம் இருந்தன. பிரான்சில் சம்பள விடுமுறை சட்டமானதோ 1936இல்தான். காப்பியடிப்பவர்களைத் தடுக்க ஒவ்வொரு உடையையும் போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைத்தார். லேபிளில் தன் விரல் ரேகையையே பதித்தார்.

1939இல் நிறுவனத்தை மூடினார். 1952இல் தன்னிடமிருந்த உடைகளையும் ஆல்பங்களையும் பாரிஸில் ஒரு சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். 1975இல் காலமானார்.

அதன்பிறகுதான் வேடிக்கை. வியோனே என்ற பெயர் கைமாற ஆரம்பித்தது. 2006இல் மறுபடி தொடங்கினார்கள். 2009இல் ஒருவர் கைக்கும் 2012இல் இன்னொருவர் கைக்கும் போனது. 2018இல் நிறுவனத்தைக் கலைக்கும் நிலை வந்தது. திறமையான வடிவமைப்பாளர்கள் வந்தார்கள், பணமும் வந்தது. ஆனாலும் நிலைக்கவில்லை.

அதே சமயம், அந்தப் பெயரில் எந்த உரிமையும் இல்லாதவர்கள் கதை வேறு. அஸதீன் அலாயா வியோனேயின் உடைகளைச் சேகரித்து ஆராய்ந்தார். ஜான் காலியானோ 1990களில் கிராஸ் கட்டிங்கை மறுபடி பிரபலமாக்கினார். பெட்டி கிர்க் என்ற ஆய்வாளர் அந்த உடைகளை அளந்து, எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் புத்தகமாகவே எழுதினார்.

வியோனேயின் வாரிசு யார்? பெயரைப் பதிவு செய்தவர்களா, துணியைக் கையில் எடுத்துக் கற்றுக்கொண்டவர்களா? இரண்டாவது கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் உடைகளை வாங்கியது பணக்காரப் பெண்கள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் விட்டுப்போனதில் விலை போகாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, போடுகிறவளின் உடம்புக்குக் கொடுத்த மரியாதை. மற்றொன்று, தைக்கிறவளுக்குக் கொடுத்த மரியாதை. இனி எந்த பிராண்டாவது பாரம்பரியம் என்று பேசினால் லேபிளைப் பார்க்க வேண்டாம். அந்த உடை எப்படி வெட்டப்பட்டது, தைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டு கேள்விகள் போதும்.