பெட்டியில் 1600 வாட், ஃபியூஸில் 30 ஆம்பியர்

இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததுண்டா? எட்டிப் பார்த்தால் தெருமுனையில் ஒரு கார் நிற்கும். பாட்டின் சொற்கள் காதில் விழுவதில்லை, 'டும்... டும்...' என்ற அடி மட்டும் நெஞ்சுக்குள் இறங்கும். உயர்ந்த சுருதி ஒலிகளைக் கார்க் கதவும் வீட்டுச் சுவரும் பெருமளவு தடுத்துவிடும். தாழ்ந்த அதிர்வெண் ஒலியோ அந்தக் கதவையும் சுவரையுமே மெல்ல அசைத்து அப்பால் வந்துவிடும்.

"இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று பெரியவர்கள் திட்டுவார்கள். நான் திட்டப் போவதில்லை. எனக்கு வேறொரு கவலை. அந்தக் காரின் பின்பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரை ஓர் இளைஞர் தம் முதல் சம்பளத்தில் வாங்கியிருக்கலாம். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருந்த வாட் எண்ணை நம்பித்தான் வாங்கியிருப்பார். பல வேளைகளில் அந்த எண் உண்மையில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டாம்; பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலே போதும்.

ஷா ஆலம் மாணவர்களுக்கு இதைச் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான நாட்டின் முதல் தேசியக் கார், புரோட்டோன் சாகா, இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் உருவானது. அன்றைய சாகாவிலும் 12 வோல்ட் பேட்டரிதான்; இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களிலும் அதேதான். நம் கணக்கு இந்த 12 வோல்ட்டில் தொடங்குகிறது.

50 வாட் எங்கிருந்து வந்தது?

கார் பேட்டரியில் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. இன்ஜின் ஓடும்போது மின்னாக்கி அதை 14.4 வோல்ட் வரை உயர்த்தும். காரின் முகப்பில் உள்ள வானொலிக்குக் கிடைப்பது இவ்வளவே. சாதாரண கார் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம்.

இப்போது திறனைக் கணக்கிடுவோம். பள்ளியில் நீங்கள் 'குவாசா' என்று படிப்பதுதான் தமிழில் திறன். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் வகுக்க வேண்டும். 14.4 × 14.4 ÷ 4 = 51.8 வாட். பல கார் வானொலிகளின் முகப்பில் '50 வாட் × 4' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 50 இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் இசை ஓர் அலை. அலை 14.4 வோல்ட்டைத் தொடுவது உச்சியில் ஒரு கணம் மட்டுமே. ஒரு சைன் அலையின் பயனுறு மதிப்பு உச்சத்தில் 0.707 பங்கு, அதாவது 10.2 வோல்ட். இதை வைத்துக் கணக்கிட்டால் 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஸ்பீக்கருக்குத் தெளிவாகப் போய்ச் சேருவது 20 வாட் சுற்றளவில்தான். இதுவே ஆர்.எம்.எஸ். கணக்கிலான திறன், இடைவிடாமல் தரக்கூடிய திறன். முன்னது உச்சத் திறன். கடைக்காரர் பேசுவது உச்சத்தை. உங்கள் காது கேட்பது ஆர்.எம்.எஸ்.ஸை.

ஆம்ப்ளிஃபையர் செய்யும் வேலை

20 வாட்டுக்கு மேல் வேண்டுமானால் 14.4 வோல்ட் என்ற சுவரைத் தாண்ட வேண்டும். மின்மாற்றியால் மின்னழுத்தத்தை உயர்த்தலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாதே! அதனால் ஆம்ப்ளிஃபையரின் முதற்பகுதி, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி மாறுமின்னோட்டம் போல ஆக்குகிறது. அதிர்வெண் கூடினால் மின்மாற்றி சிறிதாக இருந்தாலே போதும். ஒரு சிறிய வளைய மின்மாற்றி மின்னழுத்தத்தை உயர்த்தும். டையோடுகள் அதை மறுபடியும் நேர்மின்னோட்டமாக்கும். உள்ளே +30, −30 வோல்ட் கிடைத்துவிட்டால், அதே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 110 வாட் வரை தரலாம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பகுதியில்தான் உண்மையான பெருக்கம் நடக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் டிரான்சிஸ்டரை மின்னோட்டப் பெருக்கியாகப் படிப்பீர்கள். சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்; குழாயைத் திருகும் விரலுக்கும் பாயும் நீருக்கும் உள்ள உறவு அது. ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையரில் இந்தக் 'குழாய்' பாதி திறந்த நிலையிலேயே பெரும்பாலும் இருக்கும். அதனால் ஆற்றலில் கணிசமான பங்கு வெப்பமாகப் போகும். முழுத் திறனில் அதன் செயல்திறன் 60 விழுக்காட்டளவு. டி வகுப்பில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். திறந்து மூடும் நேர அளவை மாற்றி இசை அலையை உருவாக்குகிறார்கள். கடைசியில் ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அதைச் சீராக்கும். இதன் செயல்திறன் 80 விழுக்காட்டைத் தாண்டும். சின்னப் பெட்டியில் பெரிய திறன் அடங்குவது இதனால்தான்.

ஃபியூஸ் பொய் சொல்லாது

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பெட்டியில் 1600 வாட் என்று இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி, மின்கம்பி நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஃபியூஸ் இருக்கும். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 30 × 14.4 = 432 வாட். இடைவிடாமல் உள்ளே போகக்கூடியதே இவ்வளவுதான். ஏபி வகுப்பானால் ஏறத்தாழ 260 வாட் வெளியே வரும். நல்ல டி வகுப்பானால் 360. நானூறு உள்ளே போய் ஆயிரத்து அறுநூறு வெளியே வர வேண்டுமென்றால், ஆற்றல் அழியாமை விதியை யாராவது ரத்து செய்ய வேண்டும்.

"இசையின் உச்சம் ஒரு நொடிக்கும் குறைவு, அதற்குள் ஃபியூஸ் உருகாது" என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான். ஃபியூஸ் கணக்கு துல்லியமான அளவீடு அல்ல, ஒரு மேல்வரம்பு. ஆனால் கண நேர உச்சத்தைக் காட்டி விலை பேசுவது, மலைச்சரிவில் ஒரு நொடி தொட்ட வேகத்தைச் சொல்லி மிதிவண்டியை விற்பது போன்றது.

நேர்மையாக அளக்க வழியில்லாமலும் இல்லை. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் துறையினர் சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறையை வெளியிட்டார்கள். இன்று அதன் பெயர் சி.டி.ஏ.-2006. மின்னழுத்தம் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம், ஒலிச் சிதைவு 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த நிபந்தனையில் கிடைக்கும் ஆர்.எம்.எஸ். திறனைத்தான் அச்சிட வேண்டும். ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் உள்ளது. பொய்யான விவரிப்பைத் தடுக்க நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் உண்டு. இருந்தும், பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் 'உச்சம்' என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டால், எப்படி அளந்தீர்கள் என்று யார் கேட்கிறார்கள்? மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஆர்.எம்.எஸ். எண்ணும் அளந்த நிபந்தனையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அரிசி மூட்டையில் எடையைச் சரியாகப் போடச் சொல்லும் நாம், வாட்டுக்கு மட்டும் ஏன் விலக்குத் தர வேண்டும்?

திருகுகளும் கம்பியும்

சரியான எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டாலும் அதிலுள்ள வசதிகளைப் புரிந்துகொள்ளாவிட்டால் பயனில்லை. 'கெய்ன்' என்ற திருகைப் பலரும் ஒலியளவுத் திருகு என்று நினைத்து முழுதாகத் திருப்பிவிடுகிறார்கள். வானொலியிலிருந்து வரும் சைகையின் வோல்ட் அளவுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதே அதன் வேலை. அளவுக்கு மீறினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். ஒலி கரகரக்கும்; கடைசியில் ஸ்பீக்கர் சுருள் கருகும்.

'கிராஸ்ஓவர்' வடிகட்டி போன்றது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைப் பெரிய சப்வூஃபருக்கும் மேலுள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பலாம். 'பாஸ் பூஸ்ட்' திருகில் 12 டெசிபெல் என்று எழுதியிருக்கும். பார்க்கச் சின்ன எண். ஆனால் 3 டெசிபெல் கூடினால் திறன் இரண்டு மடங்கு. 12 கூடினால் 16 மடங்கு! 20 வாட்டில் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையரிடம் அந்த அதிர்வெண்ணில் 320 வாட் கேட்கிறீர்கள். அது எங்கே போகும்?

கம்பியிலும் கவனம் வேண்டும். பேட்டரி முன்னால், ஆம்ப்ளிஃபையர் பின்னால். இடையில் 5 மீட்டர். காசை மிச்சப்படுத்த 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால் அதன் மின்தடை 0.085 ஓம். 30 ஆம்பியர் ஓடும்போது அதில் உருவாகும் வெப்பம் 76 வாட். ஒரு சால்டரிங் கோலின் சூட்டைக் கார்த் தரைவிரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்தது போலாகும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதே வெப்பம் 5 வாட்டுக்கும் குறைவு. ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபியூஸ் இந்தக் கம்பியைக் காக்காது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் தனி ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். கம்பியின் உறை தேய்ந்து கார் உடலைத் தொட்டால், தீ பிடிக்காமல் தடுப்பது அதுதான்.

காதுக்கு எத்தனை வாட்?

சாதாரணக் கார் ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 90 டெசிபெல் ஒலி தரும். 10 வாட்டில் 100. 100 வாட்டில் 110. காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றவே பத்து மடங்கு திறன் தேவை. அதனால் 50 வாட்டை 100 ஆக்கப் பணம் கொடுப்பவருக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபெல்.

ஷா ஆலம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் உங்கள் அப்பாவையோ அக்காளையோ கேட்டுப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகளின்படி, தொழிலாளிக்கு அன்றாட இரைச்சல் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லை 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஷா ஆலத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? ஆலையில் காதடைப்பான் அணியும் அண்ணன், காரில் ஏறியதும் அதைவிடப் பெரிய இரைச்சலைப் பணம் கொடுத்து வாங்குகிறார். உட்செவியில் உள்ள மயிர்செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

மாணவர்களே, கார் இசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தன் கையால் சரியாகப் பொருத்துபவர், மின்னியல் பாடத்தில் பாதியைச் செய்து பார்த்தவர். அடுத்த முறை அண்ணனோடு கார் ஒலிக்கருவிக் கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? எத்தனை ஓமில் அளந்தது? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? பதில் வராவிட்டால் கைப்பேசியை எடுத்து, ஃபியூஸ் எண்ணை 14.4-ஆல் பெருக்குங்கள். வரும் விடையைக் கடைக்காரருக்கும் காட்டுங்கள், அண்ணனுக்கும் காட்டுங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.