முயலுக்கு மூன்றே காலா?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றிய பழமொழியை அன்பர்கள் அறிவர். முயற்பண்ணைகளில் இப்பழமொழி மெய்யாகவே நடைபெறுகின்றது என்பது எம் கருத்து. கூண்டிலுள்ள முயல் காதைப் பிறாண்டினால், ஒருவர் 'உஷ்ணம்' என்பார். மற்றொருவர் 'தீவனக் கோளாறு' என்பார். மூன்றாமவர் 'சொறி' என்று கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவுவார். கண்டறிந்து கூறுவார் மிகச் சிலரே. மருந்திடுமுன் நோயின் பெயரை ஐயமறத் துணியவேண்டும் என்பதே ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சொல்லின் பொருளை வரையறுத்தல் எம் தொழில். சொறி, சிரங்கு, படை, பொடுகு என நம் மொழியிலே பல சொற்கள் இருப்பவும், பண்ணையில் யாவும் 'சொறி' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. பெயர் மயங்கினால் மருந்தும் மயங்கும்.

முதலாவது, காதிற் காணும் சொறி. இதனை விளைப்பது சோராப்டிஸ் என்னும் சிற்றுயிர். அது பூச்சியன்று, சிலந்தியினத்தைச் சார்ந்தது. தோலைத் துளையாமல் காதின் உட்புறத்து மேற்றோலிலே வாழ்ந்து பெருகும். அடுக்கடுக்காகப் பழுப்பு நிறப் பொருக்குப் படியும். முயல் தலையை உதறும். பொருக்கின் துணுக்கொன்றைக் கறுப்புத் தாளில் இட்டுப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், ஊர்ந்து செல்லும் வெண்புள்ளிகளைக் காணலாம். பொருக்கைப் பிய்த்தெடுத்தல் கொடுமை. நோய் தீர அது தானே உதிரும்.

இரண்டாவது, மூக்கு, உதடு, பாதம் ஆகியவற்றிற் பற்றும் சார்கோப்டிஸ். இது தோலினுள் சுரங்கம் அகழ்ந்து முட்டையிடும். புண்ணின் விளிம்பிலே இரத்தம் சிறிது கசியுமளவும் மழுங்கிய கத்தியால் சுரண்டி, நூற்றுக்குப் பத்து வீதமுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நீரிலிட்டுப் பொருக்கைக் கரைத்து, நுண்ணோக்கியில் காணவேண்டும். ஓரிடத்திற் காணாமையால் இல்லையெனத் துணிதல் தவறு. பல இடங்களிற் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். முயலைத் தொடுபவர் கையிலும் இது சிலநாள் அரிப்பை உண்டாக்கும்.

இனி, முதுகிலே பொடுகே நடப்பதுபோல் தோன்றினால் அது கெய்லிடெல்லா என்னும் வேறினம். உரோமம் உதிர்ந்து செதில் படர்ந்தால் அது பூஞ்சணத்தால் வரும் படையாகவும் இருக்கலாம். கம்பித் தரையில் தேய்ந்து உள்ளங்கால் புண்ணாவதோ இவற்றுள் ஒன்றுமன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஐவர்மெக்டின் சொறியுயிரைக் கொல்லும், படையைத் தீர்க்காது. அது முட்டையையும் அழிக்காமையால், ஏறக்குறைய இரு வாரங்கழித்து மீண்டும் இடவேண்டும். மருந்தின் அளவையும், இறைச்சிக்கு விற்குமுன் பொறுக்கவேண்டிய நாட்களையும் கால்நடை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். நாய்க்கு இடும் பிப்ரோனில் முயலுக்கு நஞ்சாகும்.

ஒரு முயலின் விலைக்கு இத்தனை சோதனையா என்பார் உளர். நோய் ஒரு முயலோடு நிற்பதில்லை. தாயிடமிருந்து குட்டிக்கும், கூண்டிலிருந்து கூண்டிற்கும் பரவும். ஒன்றின் நோயைத் தவறாகப் பெயரிட்டவர் கொட்டகை முழுவதையும் இழக்க நேரும். கடன் வாங்கிக் கூண்டமைத்த ஏழைக்கு அது சிறு நட்டமோ? வாயில்லாப் பிராணியின் வேதனைக்கு விலை மதிப்பவர் யார்?

1687-ஆம் ஆண்டிலே இத்தாலியராகிய பொனோமோ, மனிதரின் சிரங்கிற்குக் காரணம் ஒரு சிற்றுயிரே என நுண்ணோக்கியிற் கண்டு, ரெடி என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். முயலைப் பற்றும் சார்கோப்டிஸ் அவ்வுயிரின் மற்றொரு வகையே. உடலின் நீர்க்கேடே காரணம் என்று பிடித்த பிடி விடாத மருத்துவர் பலர் அதனை ஏற்றிலர். 1834-இல் பாரிஸ் நகரிலே ரெனூச்சி என்னும் மருத்துவ மாணவர், தம் கோர்சிகாத் தீவின் மாதர் செய்யக் கண்டவாறே, ஊசிமுனையால் அவ்வுயிரை எடுத்துக் காட்டினார். 147 ஆண்டுகள் வாதத்தால் தீராத வழக்கு, நாட்டுப்புற மாதரின் ஊசிமுனையால் தீரலாயிற்று! அதனைக் காட்டியவர் ஒரு மாணவர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக.

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் நடுவணரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று முயலினங்களை வளர்த்து ஆராய்ந்து வருகின்றது. ஆயினும் ஒவ்வொரு கூண்டையும் மலையேற்றிச் செல்லுதல் இயலாது. நம் விலங்கியற் கூடத்து நுண்ணோக்கிகளோ விடுமுறை நாட்களில் உறையிட்டுக் கிடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அயலூரார் கொணரும் பொருக்கையும் சுரண்டலையும் நம் மாணவர் பார்த்துச் சொல்லலாகாதா? செலவோ சில கண்ணாடித் தகடுகளும் ஒரு புட்டி மருந்துநீருமே. முயலுக்கு நான்கு கால் என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லும் வழக்கம் நம் கல்லூரியிலிருந்து தொடங்கட்டும்.