அட்டைப்பெட்டி மேல் ஒரு ஞாயிறு

ஹாங்காங் போய் வந்த நண்பர் ஒருவர், போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது முகம் சுளித்தார். “ஞாயித்துக்கிழமை சென்ட்ரல் பக்கம் கால் வைக்க முடியல சார். பிலிப்பைன்ஸ் வேலைக்காரிங்க தெருவுலயே உட்கார்ந்து ஊரை அசிங்கம் பண்றாங்க.” அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் பார்த்தேன். சேட்டர் பூங்கா, சிலைச் சதுக்கம், வண்டி விடாமல் அடைத்த சேட்டர் சாலை, எங்கும் அட்டைப்பெட்டிகளை விரித்துப் பெண்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அட்டையில் ஏறுகிறார்கள், வீட்டுக்குள் நுழைவது போல. சோறு பகிர்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், நடனம் பழகுகிறார்கள், ஊரிலிருக்கும் பிள்ளையோடு போனில் பேசுகிறார்கள். சாயங்காலம் அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

“வீட்டில் உட்காரக் கூடாதா?” என்பார் நண்பர். எந்த வீட்டில் ஐயா? முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்று 2003 முதல் அங்கே கட்டாயம். தனி அறை இல்லாதவர்கள் பலர். வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. அந்த நாளைக் கழிக்கத்தான் இடம் கிடையாது. மற்ற வெளிநாட்டார் ஏழு வருஷம் இருந்தால் நிரந்தரக் குடியுரிமை கேட்கலாம். வீட்டு வேலை செய்பவர்கள் எத்தனை வருஷம் உழைத்தாலும் கேட்க முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊர் இல்லை, வீடு இல்லை, பூங்காவும் கூடாதா?

அந்தச் சதுக்கத்தில் ஒரு வங்கித் தலைவரின் சிலை நிற்கிறது. அவருக்கு ஏழு நாளும் இடம் உண்டு. இவர்களுக்கு ஒரு நாள் கொடுத்தால் அசிங்கமா?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு “லிபெர்த்தே, எகாலித்தே, பிரத்தெர்னித்தே” என்று உருப்போட வைத்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். உரக்கச் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் அதை மறந்தவர்கள் நாம்.

நாம் என்றால் நானும்தான். குமாஸ்தா வேலையில் ஒரு ஞாயிறு, ஒரு காசுவல் லீவை நான் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவோ இருபது வருஷமாக ஞாயிறும் வந்தார். ஹாங்காங்கிலிருந்து திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஞாயிறன்று எங்கள் வீட்டுப் பாத்திரத்தை நான் தேய்க்கிறேன்.

நண்பரே, உங்கள் வீட்டில் யார்?