கடை நமக்கா, நாம் கடைக்கா?

வேலணைத் தீவின் சரவணை, புங்குடுதீவு என்று தீவுப் பகுதி மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து முன்னேறியதை நம் வியாபாரிகள் அறிவார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இரவு பகலாக உழைத்தார்கள். "பிறகு ஆறுதலாக அனுபவிக்கலாம்" என்று பலர் தள்ளிப்போட்டார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் தமிழர் கடைகள் எரிந்தபோது பலருக்கு அந்தப் "பிறகு" வரவேயில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வியாபாரிகளின் நிலையும் அதுவே.

கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர் வேறு கணக்குப் போட்டார்கள். கடையைப் பெருப்பிக்காமல், நாளாந்தம் கொஞ்சம் சேமித்து 2007 முதல் வெளிநாடுகளுக்குப் போய்வந்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமாகும்போது 25க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்திருந்தார்கள். "அந்தக் காசில் இன்னொரு கடை போட்டிருக்கலாமே" என்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் இரண்டு கடைக்கும் சேர்த்து நேரம் யார் கொடுப்பது?

ஒன்றில் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். பயணத்துக்கு அவர்கள் வங்கிக் கடனும் எடுத்தார்கள். திரும்பிவந்து தேநீர் விற்றே அடைத்தார்கள். நமக்கு வட்டி ஆகாது. அத்துடன், கல்லாவில் கிடக்கும் காசெல்லாம் நம்முடையதல்ல. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்குரிய பணம், வேலையாளின் சம்பளம், கடை வாடகை ஆகியவற்றை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே நமது. அதை எடுத்து அனுபவிப்பது ஊதாரித்தனமல்ல, உழைப்புக்குக் கூலி.

ஆகவே, மாதம் இவ்வளவு என்று உங்களுக்கும் ஒரு சம்பளம் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது கடையைப் பூட்டுங்கள். "வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே" என்ற பயம் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டுகிறோம். நேரம் தெரிந்தவர் அதற்கேற்ப வந்து வாங்கிப் போகிறார். முன்கூட்டியே அறிவித்துப் பூட்டினால் மற்ற நாளும் அப்படித்தான்.

ஒரு மாலையின் விற்பனை குறையும், உண்மைதான். அதை மறுநாளோ மறுமாதமோ பிடித்துவிடலாம். பிள்ளைகள் வளரும் பருவத்தை எந்தச் சந்தையிலும் கொள்முதல் செய்ய முடியாது. இந்த மாதக் கணக்கு முடிக்கும்போது அதையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பாருங்கள்.