குறுக்கு வலிக்கு பெல்ட் போட்டு இழுத்தால் சரியாகிவிடுமா? பேக்கேஜுக்குப் பணம் அனுப்பும் முன் யோசிக்க வேண்டியவை

திருச்சுழி பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். களை எடுக்கப் போன அம்மாவுக்குக் காட்டிலேயே குறுக்கு பிடித்துக்கொள்கிறது. இரண்டு நாளில் வலி தொடை வழியாக இறங்கி கெண்டைக்கால் வரை இழுக்கிறது. அருப்புக்கோட்டையில் ஊசி போட்டு, மாத்திரை வாங்கி, எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. "ஜவ்வு விலகியிருக்கு" என்ற ஒரு வரியோடு வீடு திரும்புகிறார்கள். ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து ஆலோசனை வருகிறது: "மதினி, மதுரையில மெஷின்ல படுக்க வச்சு பெல்ட் போட்டு இழுக்குறாகளாம். ஆபரேஷனே வேணாமாம்."

சென்னையில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கும் அதே விளம்பரம் ரீல்ஸாக வந்து நிற்கிறது. மெஷின் மேல் படுத்திருப்பவர் சிரித்துக்கொண்டே எழுந்து நடக்கிறார். கீழே பதினைந்து, இருபது சிட்டிங்குக்கான பேக்கேஜ் விலை. பணம் அனுப்பப்போவது அவர்தான். அனுப்பலாமா?

சுருக்கமான பதில்: இழுவைச் சிகிச்சை ஏமாற்று வித்தை அல்ல. ஆனால் குறுக்கு வலிக்கு அது தீர்வு என்று சொல்ல ஆதாரமும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏழைக் குடும்பங்களின் பணம் கரைகிறது.

இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

முதுகெலும்பின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது டிஸ்க். ஊர் வழக்கில் ஜவ்வு. அது பிதுங்கி நரம்பின் வேரை உரசும்போது, இடுப்பில் தொடங்கும் வலி காலுக்கு இறங்குகிறது. கழுத்தில் என்றால் கைக்கு இறங்குகிறது. கட்டைகளைக் கொஞ்சம் விலக்கினால் நரம்புக்கு இடம் கிடைக்கும், ஜவ்வு உள்ளே போகும் என்பதுதான் டிராக்‌ஷனின் அடிப்படை யோசனை.

நெஞ்சில் ஒரு பெல்ட், இடுப்பில் ஒரு பெல்ட். இரண்டாகப் பிரியும் மேஜையில் படுக்கவைத்து, மோட்டார் விட்டு விட்டு இழுக்கும். இடுப்புக்குப் பொதுவாக உடல் எடையில் கால் பங்கிலிருந்து பாதி வரையான விசை. கழுத்துக்கு அதைவிட மிகக் குறைவு. ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம்.

இழுக்கும் நேரத்தில் கட்டைகள் சிறிதளவு விலகுவது உண்மைதான். சிக்கல் அதற்குப் பிறகு. எழுந்து நின்றதும் உடல் எடை மறுபடியும் அதே ஜவ்வின் மேல்தான் இறங்குகிறது. அந்த விலகல் அப்படியே நிற்பதில்லை.

ஏணியில் தொடங்கிய கதை

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே நோயாளியை ஏணியில் கட்டி, ஏணியை உயரத்திலிருந்து விட்டு உதறும் முறை இருந்தது. மூட்டுகள் பற்றிய அவர் பெயரிலான நூலே இந்த வித்தையைக் குறை சொல்கிறது. கூட்டத்தை வாய்பிளக்க வைக்க விரும்பும் மருத்துவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது அதன் வாதம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த விமர்சனம் இன்றைய ரீல்ஸுக்கும் பொருந்துகிறது.

1950-களில் பிரிட்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் ஜவ்வு பிரச்சினைக்கு இழுவை முறையைப் பரப்பினார். 1990-களில் கம்ப்யூட்டர் வைத்த மேஜைகள் வந்தன. பெயரும் 'டிகம்ப்ரஷன் தெரபி' என்று மாறியது. திரை இருக்கிறது, சென்சார் இருக்கிறது, விலையும் பல மடங்கு. அடிப்படை வேலை அதே இழுப்புதான்.

'அமெரிக்க எஃப்டிஏ அனுமதி பெற்ற மெஷின்' என்ற வரியைப் பல விளம்பரங்களில் பார்க்கலாம். இந்த வகைக் கருவிகளுக்குக் கிடைப்பது, சந்தையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கருவிக்கு இது சமமானது என்ற அனுமதி. நோயைக் குணப்படுத்துகிறது என்று சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல அது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, குறுக்கு வலிக்கான டிராக்‌ஷன் பற்றி 2013-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 32 சோதனைகள், 2,762 நோயாளிகள். டிராக்‌ஷன் தனியாகவோ மற்ற சிகிச்சையோடு சேர்த்தோ கொடுத்தாலும் வலி, அன்றாட இயக்கம், வேலைக்குத் திரும்புவது ஆகியவற்றில் வித்தியாசம் ஒன்றுமில்லை அல்லது மிகச் சிறியது என்பதுதான் முடிவு. காலுக்கு வலி இறங்கும் சயாட்டிகாகாரர்களுக்கும் அதே கதைதான்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில், சயாட்டிகா இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறுக்கு வலிக்கு டிராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட குறுக்கு வலிக்கு வெளியிட்ட முதல் வழிகாட்டியும் டிராக்‌ஷனையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை போன்றவற்றைத்தான் முன்வைத்தது.

கழுத்து விஷயத்தில் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். கழுத்திலிருந்து கைக்கு வலியும் மரப்பும் இறங்குபவர்களுக்கு, பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும் இடைவிட்ட இழுவை சிலருக்கு உதவலாம். அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டியும் இதை ஏற்கிறது. ஆனால் அங்கேயும் 'பயிற்சியோடு சேர்த்து' என்பதுதான் முக்கியம். லேப்டாப் முன் பத்து மணி நேரம் குனிந்து இருப்பவர், வாரம் மூன்று நாள் கழுத்தை மட்டும் இழுத்துக்கொண்டால் எதுவும் மாறாது.

"ஆனா எங்க சித்திக்கு சரியாச்சே!"

சரியாகியிருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் எதனால் சரியானது என்பதுதான் கேள்வி.

ஜவ்வு பிதுங்கியதால் வரும் கால் வலி, பெரும்பாலானோருக்கு வாரங்கள், மாதங்களில் தானாகவே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துச் சுருக்குவதும் நடக்கிறது. யாரும் வலி தொடங்கிய முதல் நாளே மெஷினுக்குப் போவதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? ஐந்து வாரம் இருபது சிட்டிங் போனால், அந்த ஐந்து வாரத்தில் உடல் செய்த வேலைக்கும் மெஷின் பெயர் வாங்கிக்கொள்கிறது.

நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உடனே அறுவை சிகிச்சை, இன்னொரு குழு காத்திருந்தது. அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆபரேஷன் பூதமும் அல்ல, எல்லோருக்கும் தேவைப்படுவதும் அல்ல.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் பயத்தை வளர்க்கிறது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். தலை நரைப்பது போல ஜவ்வும் தேய்கிறது. 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்ததும் "இனி குனியவே கூடாது" என்று முடிவு செய்வதுதான் ஆளை முடக்குகிறது. பேக்கேஜ் விற்பவருக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

கரிசல் காட்டு முதுகு

அருப்புக்கோட்டை நெசவு ஊர். குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பவருக்கு நாள் முழுக்க இடுப்பு வளைவு. விசைத்தறியில் நின்றுகொண்டே நடப்பவர், அறுந்த இழையை முடிச்சுப் போட எத்தனை முறை குனிகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. சுற்றுக் கிராமங்களில் பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு, மல்லிகைப் பூப் பறிப்பு. திருச்சுழி, நரிக்குடி பக்கம் மழை பொய்த்த வருடங்களில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி மூட்டை தூக்குகிறார்கள். இதற்கு மேல் தண்ணீர்க் குடம்.

இந்த முதுகை இருபது நிமிடம் இழுத்துவிட்டு, மறுநாள் அதே தறியில் உட்கார வைத்தால் என்ன மிஞ்சும்?

செலவுக் கணக்கும் மெஷின் கட்டணத்தோடு முடிவதில்லை. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 15 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். கால் இழுக்கும் வலியோடு பஸ்ஸில் போய் வர ஒரு பகல் போய்விடும். கூட வருபவருக்கும் அன்றைய கூலி இல்லை. இருபது சிட்டிங் என்றால் இரண்டு பேருக்கு இருபது நாள் கூலி. ஆய்வு அறிக்கைகளில் இந்தக் கணக்கு வருவதில்லை. வீட்டில் நகை அடகுச் சீட்டாக அது வந்து நிற்கிறது.

மாறாக, பைசா செலவில்லாத ஒன்றைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் குறுக்கு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்த சோதனை 2024-ல் லான்செட் இதழில் வந்தது. படிப்படியாகக் கூட்டிய நடைப்பயிற்சியும், பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலும் கிடைத்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் ஆனது. கிடைக்காதவர்களுக்கு 112 நாள். "காட்டுல நடக்காத நடையா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். குனிந்தே செய்யும் உழைப்பும், நிமிர்ந்து சீராக நடப்பதும் உடலுக்கு ஒன்றல்ல என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அந்த 'யாராவது'தான் இங்கே இல்லை.

மெஷின் அல்ல, ஆள் வேண்டும்

விருதுநகருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்ல விஷயம். ஆனால் குறுக்கு வலிக்குத் தேவைப்படுவது பெரிய கட்டடம் அல்ல. நடந்து போகும் தூரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட். முதல் வாரத்திலேயே பார்த்து, "இது ஆபத்து இல்லை, இப்படிக் குனியுங்க, இந்த மூணு பயிற்சியைச் செய்யுங்க, படுத்தே கிடக்காதீங்க" என்று சொல்ல ஒரு ஆள்.

அதற்கான விதை தமிழ்நாட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. 2024-ல் ஐநா அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த பிசியோதெரபி முக்கியமாக வீட்டோடு முடங்கியவர்களுக்கானது. முடங்குவதற்கு முன்னால், இன்னும் தறிக்கும் காட்டுக்கும் போய்க்கொண்டிருப்பவரின் முதுகும் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் 'முதுகு வலி கிளினிக்' நடத்த மெஷின் தேவையில்லை. ஒரு பாயும் பயிற்சி பெற்ற ஆளும் போதும்.

இன்னொன்று விளம்பரக் கட்டுப்பாடு. பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 'ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு', '100% கியாரண்டி' என்று பதாகை வைப்பவரிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் வேலை இனியும் நோயாளியின் தலையில் இருக்கக் கூடாது.

எப்போது காத்திருக்கவே கூடாது?

சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடு போவது, மலம் அடக்க முடியாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாய் சுற்றிலும் மரத்துப்போவது, கால் பலம் வேகமாகக் குறைவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே நாள் கடத்தினால் கால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

விடாத காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய், கட்டி போன்றவை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். எலும்பு முறிவு, எலும்பு பலவீனம், கிருமித் தொற்று, புற்றுநோய், கர்ப்பம், கழுத்தைப் பாதித்த முடக்குவாதம் உள்ளவர்களை இழுப்பது ஆபத்து. சோதிக்காமலேயே முதல் நாளே மேஜையில் ஏற்றும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

பணம் அனுப்பும் முன் கேட்க நான்கு கேள்விகள்

1. அம்மாவுக்கு இருக்கும் பிரச்சினை என்ன, யார் தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள்?
2. இழுவையோடு வீட்டில் செய்யும் பயிற்சியும் சொல்லித்தருவீர்களா?
3. நாலைந்து சிட்டிங்கில் முன்னேற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுவீர்களா, மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?
4. இந்த மெஷின் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் என்ன குறையும்?

நான்காவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம். அவரே அநேகமாக மெஷினை விடப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்.

பேக்கேஜுக்கு வைத்த பணத்தில் செய்ய வேறு வேலை இருக்கிறது. நல்ல பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று முறை போய்வரச் செலவு, வலி குறையும் வரை களை எடுப்புக்குப் போகாமல் இருக்க இரண்டு வாரக் கூலி. அதோடு தினமும் ஒரு போன்: "இன்னைக்கு நடந்தீங்களாம்மா?"