ருஷ்ய இலக்கியமும் நம் கல்வராயன் மலையும்



"ருஷ்யக்காரன் கதையெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" என்று முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1861 வரை ருஷ்யாவில் கோடிக்கணக்கான குடியானவர்கள் பண்ணையடிமைகளாக இருந்தார்கள். ஜமீன்தார் ஆளை விற்கலாம், அடகு வைக்கலாம். 1842-ல் கோகல் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலை எழுதினார். செத்துப்போன அடிமைகளைக் கணக்கில் உயிரோடு இருப்பதாகக் காட்டி அடகு வைக்க அலைகிறவனின் கதை அது. 1852-ல் துர்கனேவ் அதே குடியானவர்களைப் பெயரும் முகமும் உள்ள மனிதர்களாக எழுதிக் காட்டினார். அடுத்து தஸ்தயேவ்ஸ்கி, டால்ஸ்டாய், செகாவ், கார்க்கி என்று வரிசையாக வந்தார்கள். கீழே கிடக்கும் மனிதனை உற்றுப் பார்த்ததால்தான் அந்த இலக்கியம் அப்படிச் செழித்தது என்பது என் கருத்து.

அதைத் தமிழில் நம் கைக்குக் கொண்டுவந்தவர்களையும் மறக்கக்கூடாது. கார்க்கியின் 'தாய்' நாவலை ரகுநாதன் தந்தார். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோர் உழைத்து மொழிபெயர்த்தார்கள். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக மலிவு விலையில் வந்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் உங்களில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். எடுத்துத் தூசி தட்டுங்கள்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமெல்லாம் நாடு விடுதலை அடைந்த பிறகும் ஜாகிர்தார்கள் பிடியில்தான் இருந்தன. மலைவாழ் மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்தார்கள். அந்தப் பிடி முழுதாக விலகியது 1976-ல்தான். அந்த வேலையைச் செய்த கைகள் சில இன்னும் நம்மோடு இருக்கின்றன.

அவர்கள் கதை எங்கே? வெளியூர்க்காரர்களிடம் கள்ளக்குறிச்சி என்றால் 2024 ஜூன் மாதத்துச் சாராயச் சாவுகளைத்தான் சொல்கிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். செய்தியில் எண்ணிக்கை வந்தது, மனிதர்கள் வரவில்லை. கோகல் சொன்ன கணக்கும் இதுதானே?

துர்கனேவும் டால்ஸ்டாயும் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள். செகாவ் அப்படியில்லை. அவருடைய தாத்தா பண்ணையடிமை. பணம் கொடுத்துக் குடும்பத்தை மீட்டவர். பேரன் டாக்டருக்குப் படித்தார், எழுத்தாளரும் ஆனார். 1890-ல் கைதிகள் வாழ்ந்த சகலின் தீவுக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களைக் குறித்து வந்து புத்தகம் எழுதினார்.

மலையிலிருந்து படித்து வந்து இன்று ஆசிரியராக, செவிலியராக, காவலராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் தாத்தா ஜாகிர் வேலை செய்தவர் என்றால் நீங்கள் செகாவ் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். என்ன வேலை, யாருக்கு, என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். மலைப் பேச்சிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்குப் பயப்பட வேண்டாம், திருத்தித் தர நான் இருக்கிறேன். சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் வயதாகிக்கொண்டே போகிறது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்